பார்க்கிங் நோட்டீஸ்: கட்டுவதா, கிழித்துப் போடுவதா?

வாசகர் கேள்வி, 24 பிப்ரவரி 2025

லண்டனுக்கு வெளியே வசிக்கிறோம். பிப்ரவரி 3ஆம் தேதி மாலை ஒரு சூப்பர்மார்க்கெட்டில் காரை நிறுத்தினோம். இரண்டு மணி நேரம் இலவசம். 31 நிமிடம் கூடிவிட்டதாகக் கேமராப் படத்துடன் ஒரு தனியார் பார்க்கிங் நிறுவனம் 100 பவுண்ட் கேட்டு எழுதியிருக்கிறது. 14 நாளுக்குள் கட்டினால் 60. கடிதத்தில் போட்டிருக்கும் தேதி பிப்ரவரி 14. கார் என் பெயரில் இருக்கிறது. "எல்லாம் வெற்று மிரட்டல், கிழித்துப் போடுங்கள்" என்கிறார் மைத்துனர். "கட்டித் தொலையுங்கள்" என்கிறார் மனைவி. என்ன செய்வது?

24 பிப்ரவரி, இரவு

இரண்டும் வேண்டாம். கிழிக்கவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். உறையைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். அந்த பிப்ரவரி 14 என்ற தேதியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. நாளை எழுதுகிறேன். அதற்குள் அவசரப்பட்டு அவர்களுக்கு எதுவும் எழுதிவிடாதீர்கள். குறிப்பாக "நான் ஓட்டிக்கொண்டு போனபோது" என்று தொடங்கும் எந்த வாக்கியமும் வேண்டாம்.

25 பிப்ரவரி

மைத்துனரின் ஆலோசனை 2012க்கு முன்பு ஓரளவு செல்லுபடியான ஆலோசனை. தனியார் நிலத்தில் பார்க்கிங் விதியை மீறினால் அது குற்றம் அல்ல. வாசலில் உள்ள பலகையை ஏற்று உள்ளே வந்ததாகக் கருதப்படும் ஒப்பந்தத்தை மீறியது, அவ்வளவுதான். ஒப்பந்தம் காரை ஓட்டியவரோடு. ஓட்டியவர் யார் என்று நிறுவனத்துக்குத் தெரியாது. அதனால் பலரும் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்கள்.

2012 அக்டோபர் 1ஆம் தேதி புரொடெக்‌ஷன் ஆஃப் ஃப்ரீடம்ஸ் சட்டத்தின் இந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது. தனியார் நிலத்தில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடை செய்தார்கள். நிறுவனங்களிடமிருந்து பூட்டைப் பறித்துக்கொண்டு கையில் வேறொன்றைக் கொடுத்தார்கள்: சட்டத்தின் நான்காம் அட்டவணை. ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டால், கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரிடம் வசூலிக்கலாம். வண்டிப் பதிவேட்டை வைத்திருக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவுக்கு ஒரு விசாரணைக்கு 2.50 பவுண்ட் கொடுத்தால் உங்கள் பெயரும் முகவரியும் அவர்கள் கைக்குப் போய்விடும். ஆகவே இன்று கிழித்துப் போடுகிறவர் வம்பை விலைக்கு வாங்குகிறார்.

ஆனால் அந்த அட்டவணை சும்மா கொடுக்கவில்லை. நிபந்தனைகளோடு கொடுத்தது. கண்ணாடியில் எதையும் ஒட்டாமல் கேமராவை மட்டும் நம்பித் தபாலில் அனுப்பினால், நிறுத்திய நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணி 14 நாளுக்குள் நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். அனுப்பினால் போதாது, வந்திருக்க வேண்டும். எப்போது வந்ததாகக் கணக்கு? அனுப்பிய பிறகு வரும் இரண்டாவது வேலை நாளில்.

இப்போது உங்கள் காகிதத்தை எடுங்கள். நிறுத்தியது பிப்ரவரி 3. எண்ணத் தொடங்குவது 4. பதினான்காம் நாள் 17, திங்கட்கிழமை. கடிதத்தின் தேதி 14, வெள்ளிக்கிழமை. அன்றே தபாலில் போட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். சனி, ஞாயிறு வேலை நாள் இல்லை. திங்கள் முதல் நாள், செவ்வாய் இரண்டாம் நாள். ஆகவே சட்டத்தின் கணக்குப்படி அது உங்களிடம் வந்த நாள் 18. ஒரே ஒரு நாள் பிந்திவிட்டது. 31 நிமிடம் தாமதம் என்று உங்களிடம் 100 பவுண்ட் கேட்கிறவர்கள் ஒரு நாள் தாமதம்.

இதன் பொருள்: பதிவு உரிமையாளர் என்ற முறையில் உங்களிடம் வசூலிக்க அவர்களுக்கு வழியில்லை. ஓட்டியவரிடம் வசூலிக்கலாம்தான், முதலில் அவர் யாரென்று தெரிய வேண்டும். அதை நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

26 பிப்ரவரி

மேல்முறையீட்டை எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு வரி போதும். நான் பதிவு உரிமையாளர். நோட்டீஸ் நான்காம் அட்டவணையின் 9ஆம் பத்தி சொல்லும் காலத்துக்குள் வரவில்லை. எனவே எனக்குப் பொறுப்பு இல்லை. ஓட்டியவர் யாரென்று நான் சொல்லப் போவதில்லை. மாமியாருக்கு முழங்கால் வலி, காசாளரிடம் நீண்ட வரிசை, மழை, ஒன்றும் வேண்டாம். நம்மவர்கள் நியாயத்தை முழுதாகச் சொன்னால்தான் நியாயம் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள். இங்கே முழுதாகச் சொன்னால் "நாங்கள் வரிசையில் நின்றோம்" என்ற இடத்தில் ஓட்டுநர் மாட்டிக்கொள்வார்.

நிறுவனத்தின் இணையதளத்தில் பதிவிடும்போது ஒரு பெட்டி வரும்: நீங்கள் ஓட்டியவரா, பதிவு உரிமையாளரா, வாடகைக்கு எடுத்தவரா? சில தளங்களில் 'ஓட்டியவர்' முதலிலேயே தேர்வாகியிருக்கும். மாற்றிவிட்டு அனுப்புங்கள். அனுப்பியதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 60 பவுண்ட் சலுகை? சலுகைக் காலத்துக்குள் மேல்முறையீடு செய்தால், நிறுவனம் மறுத்தாலும் பொதுவாக 60இல் கட்ட மறுபடி 14 நாள் தருவார்கள். அதைத் தாண்டி நிறுவனத்துக்கு வெளியே உள்ள மேல்முறையீட்டு அமைப்புக்குப் போனால் சலுகை போய்விடும். பேரம் இதுதான்: 60ஐக் கொடுத்து முடிப்பதா, 100ஐப் பணயம் வைப்பதா. உங்கள் காகிதம் கையில் இருந்தால் நான் பணயம் வைப்பேன்.

1 மார்ச்

"எனக்கும் 14 நாள் தாண்டித்தான் வந்தது, நானும் தப்பித்தேன்" என்று குதூகலமாக மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். நிதானம். அவர்களில் ஒருவருடைய கார்க் கண்ணாடியில் அன்றே மஞ்சள் உறை ஒட்டியிருந்ததாம். அப்படியானால் 14 நாள் கணக்கு பொருந்தாது. கண்ணாடியில் ஒட்டிவிட்டால், முதலில் 28 நாள் பொறுத்திருந்து, அதற்கு அடுத்த 28 நாளுக்குள் உரிமையாளருக்குத் தபால் வர வேண்டும். அதிலே ஒரு வினோதம்: சீக்கிரம் வந்தாலும் அவர்களுக்குத்தான் சிக்கல்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். நோட்டீஸில், 28 நாளில் பணம் வராமலும் ஓட்டியவர் பெயரும் முகவரியும் தெரியாமலும் இருந்தால் உரிமையாளரிடமே வசூலிக்க எங்களுக்கு உரிமை உண்டு என்ற எச்சரிக்கை இருக்கிறதா? சில நிறுவனங்கள் காலம் தவறிவிட்டது தெரிந்தே அந்தப் பத்தி இல்லாத படிவத்தை அனுப்புகின்றன. அதை விட்டுவிட்டு மற்ற இடங்களில் மிரட்டும் தொனியைக் கூட்டிவிடுவார்கள்.

விமான நிலையம், ரயில் நிலையம் போன்ற துணைவிதிகள் எனப்படும் தனிச் சட்ட விதிகள் ஆளும் நிலங்கள் இந்த அட்டவணைக்குள் வருவதே இல்லை. ஸ்காட்லாந்தில் இருக்கும் தம்பிக்கு: இந்தச் சட்டத்தின் இந்தப் பகுதி இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான். உங்கள் கதை வேறு.

8 மார்ச்

என் சொந்த அனுபவத்தைக் கேட்டிருந்தார்கள். எனக்கு நேர்ந்தது தாமதம் அல்ல, அபத்தம்.

ஒரு வணிக வளாகத்துக்குக் காலையில் போய் ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். மாலையில் மகளை அழைத்துக்கொண்டு மறுபடி போனேன். இரண்டு முறையும் சேர்த்து ஒரு மணி நேரம்கூட இருந்திருக்க மாட்டேன். வந்த நோட்டீஸின்படி நான் காலையில் நுழைந்து இரவு வரை அங்கேயே குடியிருந்திருக்கிறேன். கேமரா முதல் நுழைவையும் கடைசி வெளியேற்றத்தையும் பிடித்து, நடுவில் இருந்த இரண்டையும் விழுங்கிவிட்டது. முன்னால் ஒரு வேன் ஒட்டிக்கொண்டு போனால் போதும், நம்பர் பிளேட் மறைந்துவிடும். இது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கோளாறு. அவர்களுக்கும் தெரியும்.

அடுத்த ஊரில் அன்று மதியம் பெட்ரோல் போட்ட ரசீதை அனுப்பினேன். "ரசீது காரை அடையாளம் காட்டவில்லை" என்று மறுத்தார்கள். சரி என்று தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி என்னைப் பற்றியும் என் வண்டியைப் பற்றியும் வைத்திருக்கும் எல்லாவற்றையும் தாருங்கள் என்று எழுதினேன். ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். காசு கேட்கக் கூடாது. வந்த கோப்பில் மங்கலான ஒரு படம் இருந்தது. பின்பக்கத்திலிருந்து எடுத்தது, பிளேட்டில் பாதி வேனின் நிழலில். நம்பரைப் படிக்க முடியவில்லை என்றாலும் பின் கண்ணாடியில் மகள் ஒட்டிய ஆமை ஸ்டிக்கர் தெளிவாகத் தெரிந்தது. நேரம் காலை 10.12. நான் வெளியேறியதற்கான சாட்சி அவர்கள் அலமாரியிலேயே இருந்திருக்கிறது. அதைத் திருப்பி அனுப்பியதும் ரத்து செய்தார்கள். வருத்தம் தெரிவித்து ஒரு வரி? இல்லை. "நல்லெண்ண அடிப்படையில்" ரத்து செய்கிறார்களாம். அந்த நல்லெண்ணம்தான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

9 மார்ச்

ஆமை ஸ்டிக்கர் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது.

15 மார்ச்

ஒரு பெரியவர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்: "ஓட்டியவர் யாரென்று தெரிந்தும் சொல்லாமல் இருப்பது பொய் சொல்வதுதானே ஐயா? பிள்ளைகளுக்கு இதையா கற்றுத்தருகிறோம்?" எனக்கும் முதலில் இது உறுத்தியது. இன்னும் முழுதாக உறுத்தல் போகவில்லை.

நான் வைத்திருக்கும் கோடு இது. வேக கேமராவில் சிக்கிப் போலீஸ் கேட்டால், ஓட்டியவர் யாரென்று சொல்வது சட்டக் கடமை. சொல்லாவிட்டால் அதுவே குற்றம். தனியார் நிறுவனத்துக்கு அப்படி ஒரு அதிகாரத்தைச் சட்டம் கொடுக்கவில்லை. ஓட்டியவரைச் சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று நாடாளுமன்றமே யோசித்து, அதற்குத்தான் நான்காம் அட்டவணையை எழுதியது. காலத்துக்குள் அனுப்பியிருந்தால் அவர்களுக்குப் பணம் கிடைக்கும் வழி இருந்தது. அதைத் தவறவிட்டது அவர்கள். ஆனால் "நான் ஓட்டவில்லை" என்று ஓட்டியவரே எழுதினால் அது பொய். நீதிமன்றத்தில் உறுதிமொழிக்குக் கீழே அப்படி எழுதினால் அது பெரிய ஆபத்தும்கூட. நீதிபதி நேராகக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். வாய் மூடியிருப்பதற்கும் பொய் சொல்வதற்கும் நடுவே போதுமான இடம் இருக்கிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் அட்டை இல்லாமல் நிறுத்திவிட்டு "எப்படித் தப்பிப்பது அண்ணா" என்று எழுதியவருக்கு நான் உதவ மாட்டேன். கட்டுங்கள்.

22 மார்ச்

"உச்ச நீதிமன்றமே சரி என்று சொல்லிவிட்டதே, நீங்கள் என்ன பெரிய ஆள்?" என்று ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி, மரியாதை மட்டும்தான் குறைவு.

பீவிஸ் என்பவருக்கும் ஒரு பார்க்கிங் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கைச் சொல்கிறார். செல்ம்ஸ்ஃபர்டில் ஒரு கடை வளாகம், இரண்டு மணி நேரம் இலவசம், பீவிஸ் 56 நிமிடம் கூடுதலாக நின்றார், கட்டணம் 85 பவுண்ட். 2015 நவம்பர் 4ஆம் தேதி தீர்ப்பு. ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் நிறுவனத்தின் பக்கம், லார்டு டோல்சன் மட்டும் மறுத்தார். நட்டத்தைக் காட்டிலும் கட்டணம் அதிகம் என்பதால் மட்டும் அது செல்லாத அபராதம் ஆகிவிடாது. இடம் சுழற்சியில் கிடைக்க வேண்டும் என்பதில் நிறுவனத்துக்கு நியாயமான அக்கறை உண்டு என்றார்கள். "எனக்கு 31 நிமிடம், அவர்களுக்கு என்ன நட்டம்?" என்ற வாதம் அன்றோடு செத்தது. அதை வைத்து எழுதாதீர்கள், நேரம்தான் வீண்.

ஆனால் அதே வழக்கில் நுழைவாயிலிலும் வளாகம் முழுவதும் சுமார் 20 பலகைகள் இருந்தன. 85 பவுண்ட் என்பது பெரிய எழுத்தில் கண்ணில் அறைந்தது. இப்போது நீங்கள் நிறுத்திய இடத்துக்கு, நிறுத்திய அதே நேரத்தில், மறுபடி போய்ப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு இடம் இருக்கிறது: பலகை விளக்குக் கம்பத்தில் என் தலைக்கு மேல் இன்னொரு ஆள் உயரத்தில். 'வாடிக்கையாளர்களை வரவேற்கிறோம்' என்பது உள்ளங்கை அளவு எழுத்தில். 100 பவுண்ட் என்பது கீழே, மருந்துச் சீட்டில் பக்க விளைவுகளை அச்சிடும் அளவில். மாலையில் அந்தக் கம்பத்தின் விளக்கும் எரிவதில்லை. அந்தப் பலகையைக் காட்டிப் பீவிஸ் என்று சொல்ல முடியாது. இருட்டிலேயே, ஃப்ளாஷ் இல்லாமல், கார் ஓட்டுநர் உட்காரும் உயரத்திலிருந்து படம் எடுங்கள்.

23 மார்ச்

மூன்று துண்டுத் தகவல்கள், கேட்டவர்களுக்கு.

நேரம் முடிந்த பிறகு 10 நிமிடம் சலுகை தர வேண்டும் என்று பார்க்கிங் நிறுவனங்களின் இரண்டு தொழில் அமைப்புகளுடைய நடத்தை விதியே சொல்கிறது. 2024 அக்டோபரிலிருந்து இரண்டு அமைப்புகளுக்கும் ஒரே விதி.

கட்டண இயந்திரத்தில் பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில 'ஓ' எழுத்தை அழுத்திய சகோதரி: பணம் கட்டியிருக்கிறீர்கள், சிறு தட்டச்சுப் பிழை. அதே விதியின்படி ரத்து செய்ய வேண்டும். வீட்டில் உள்ள வேறு காரின் எண்ணையே போட்டிருந்தாலும் 20 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது.

கடைக்காரரை மறந்துவிடாதீர்கள். பார்க்கிங் நிறுவனம் கூலிக்கு வந்தது. நிலம் கடையுடையது அல்லது கடைக்கு இடம் கொடுத்தவருடையது. அன்றைய ரசீதோடு மேலாளரை நேரில் பாருங்கள். ஒரே ஒரு மின்னஞ்சலில் முடிந்துபோனவை எத்தனையோ.

4 ஏப்ரல்

முதல் கேள்வியைக் கேட்டவருக்கு நிறுவனம் மறுப்பு அனுப்பிவிட்டது. மூன்று பக்கம். கேள்விக்கு மட்டும் பதில் இல்லை: தேதி பற்றி ஒரு சொல் இல்லை. கடைசியில் பாப்லா எண் கொடுத்திருக்கிறார்கள். நல்லது.

பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன் உறுப்பினர்களுக்கு எதிரான மேல்முறையீட்டை விசாரிப்பது பாப்லா. இன்னொரு சங்கத்தின் உறுப்பினர்களுக்கு ஐஏஎஸ். ஐஏஎஸ் என்றதும் கலெக்டர் வந்து தீர்த்துவைப்பார் என்று மனம் குளிர வேண்டாம். பாப்லா முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. தோற்றாலும் அவர்கள் நீதிமன்றம் போய்த்தான் வாங்க வேண்டும். கட்டணமும் இல்லை. ஆகவே முயலாமல் விடுவதற்குக் காரணம் இல்லை.

பாப்லாவுக்கு நாலு வரி போதாது. தேதிக் கணக்கை நாட்காட்டிப் படத்தோடு வையுங்கள். பலகைப் படங்களை வையுங்கள். இந்த நிலத்தில் கட்டணம் வசூலிக்க நில உரிமையாளர் கொடுத்த ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். பல சமயம் அதைத் தேடி எடுத்து வைக்கும் வேலையே அவர்களுக்கு 100 பவுண்டை விடக் கசக்கிறது.

10 மே

நிறுவனம் பாப்லாவில் வாதாடாமலே விலகிக்கொண்டது. முடிந்தது. மைத்துனர் "நான்தான் அப்போதே சொன்னேனே, வெற்று மிரட்டல் என்று" என்கிறாராம். அவரை விட்டுவிடுங்கள்.

13 ஜூலை

முடிந்தது என்று எழுதினேன். இந்தக் கேள்வி-பதில் இழை முடிய மாட்டேன் என்கிறது. இப்போது வந்திருப்பவர் மைத்துனர் வழியில் போனவர். முதல் கடிதம், நினைவூட்டல் எல்லாம் குப்பையில். இப்போது கடன் வசூல் நிறுவனத்திடமிருந்து 170 பவுண்ட் கேட்டுச் சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. வீட்டுப் பொருளைத் தூக்கிப் போய்விடுவார்களா என்று பயப்படுகிறார்.

மாட்டார்கள். கடன் வசூல் நிறுவனம் கடிதம் எழுதலாம், தொலைபேசலாம். நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் வாசலில் வந்து ஜப்தி செய்ய எவருக்கும் உரிமை இல்லை. கூட்டிய 70 பவுண்ட் வசூல் செலவாம். உரிமையாளரிடம் கேட்கக்கூடிய உச்சம் முதல் நோட்டீஸில் இருந்த தொகைதான் என்று நான்காம் அட்டவணை சொல்கிறது. ஆனாலும் அந்த 70ஐ நீதிபதிக்கு நீதிபதி வேறுவிதமாகப் பார்க்கிறார்கள். 2025 ஜூலையில் அரசு தொடங்கிய கருத்துக்கேட்பில் இதுவும் ஒரு கேள்வி. அரசின் சொந்த நடத்தை விதி 2022 பிப்ரவரியில் வந்து, நிறுவனங்கள் வழக்குப் போட்டதும் ஜூனில் திரும்பப் பெறப்பட்டதை நினைத்தால், நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

வசூல் கடிதங்களைக் கோப்பில் போட்டு வையுங்கள், பதில் தேவையில்லை. ஆனால் 'வழக்குக்கு முந்தைய கடிதம்' என்று வந்தால் அது வேறு ஜாதி. பதில் எழுத 30 நாள். எழுதியே ஆக வேண்டும். வீடு மாறியிருந்தால் உடனே புது முகவரியை அவர்களுக்குத் தெரிவியுங்கள். டிவிஎல்ஏவில் வண்டிப் பதிவையும் மாற்றுங்கள். பழைய வீட்டுக் கதவுக்குள் விழுந்த வழக்குத் தாளால் தெரியாமலே தோற்று, வீட்டுக் கடன் கேட்கப் போன இடத்தில் வங்கி சொல்லித் தெரிந்துகொண்டவரை நான் அறிவேன். அந்தத் தீர்ப்பை நீக்கக் கோரும் மனுவுக்கே 300 பவுண்டுக்கு மேல்.

20 செப்டம்பர்

ஜூலையில் எழுதிய, கடிதங்களைக் குப்பையில் போட்டவருக்கு நார்தாம்டனிலிருந்து நீதிமன்ற உறை வந்துவிட்டது. இது உண்மையான நீதிமன்றம். 100, அந்த 70, நீதிமன்றக் கட்டணம் 35, வழக்கறிஞருக்கு 50, ஆக 255, வட்டி தனி.

தாளில் உள்ள தேதிக்கு ஐந்து நாள் கழித்து உங்களுக்கு வந்ததாகக் கணக்கு. அதிலிருந்து 14 நாளுக்குள் இணையத்தில் 'பெற்றுக்கொண்டேன், எதிர்வாதம் செய்வேன்' என்று பதிவு செய்தால், எதிர்வாதம் எழுத மொத்தம் 28 நாள் கிடைக்கும். அந்தப் பதிவில் எதிர்வாதத்தை எழுதாதீர்கள். பிறகு தொலைபேசியில் ஒரு மணி நேர இலவச சமரசம், 2024 மே மாதத்திலிருந்து சிறு வழக்குகளுக்குக் கட்டாயம். கலந்துகொள்ளுங்கள், விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விசாரணைக் கட்டணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கும்போது வழக்கைக் கைவிடும் நிறுவனங்கள் இருக்கின்றன. எல்லாம் அல்ல.

தோற்றால்? ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டினால் தீர்ப்பு பதிவேட்டிலிருந்து நீங்கிவிடும். கட்டாவிட்டால்தான் ஆறு ஆண்டு நிற்கும். நீதிமன்றம் போனாலே கடன் மதிப்பெண் போச்சு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி அரைகுறை.

11 அக்டோபர்

புதிதாக வந்தவருக்கு, மேலே உள்ளதைப் படித்துவிட்டு அப்படியே செய்யப் போகிறேன் என்றவருக்கு: நீங்கள் அனுப்பிய படத்தில் மேலே கவுன்சில் முத்திரை இருக்கிறது. அது அரசுத் தண்டம். ஓட்டியவரைச் சொல்லாதது, 14 நாள் கணக்கு, பலகை உயரம், எதுவும் அங்கே இப்படி வேலை செய்யாது. கட்டாவிட்டால் ஜப்தி அதிகாரி உண்மையாகவே வருவார். 14 நாளுக்குள் எழுதுங்கள், அதுவரை பாதித் தொகைதான். கவுன்சில் மறுத்தால், மேல்முறையீட்டுக்கு லண்டன் என்றால் லண்டன் டிரிப்யூனல்ஸ், வெளியே என்றால் டிராஃபிக் பெனால்டி டிரிப்யூனல். நிறுத்திய தெருவின் மஞ்சள் கோட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கலாம்.